பல்லிக்குப் புற்றுமண் வேண்டாம்... புற்றுதான் வேண்டும்!

சங்கரன்கோவில்காரர்களுக்குப் பல்லி புதிது கிடையாது. வீட்டில் பாம்போ தேளோ பல்லியோ அடிக்கடி தென்பட்டால், சங்கரநாராயண சுவாமி கோயிலுக்குப் போய் அந்த உருவம் பொறித்த தகட்டை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருவது இங்கே காலங்காலமான வழக்கம். சங்கன், பதுமன் என்ற இரு நாகர்களின் கதையோடு பிறந்த ஊர் அல்லவா? பூச்சி, பொட்டு என்று எதற்கும் இங்கே ஒரு மரியாதை உண்டு.

இப்போது அதே பல்லி இனத்தைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். வொர்க் ஃப்ரம் ஹோம் மேஜையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, சிரிப்பது மாதிரி ஒரு வாய். குரைக்காது, வாக்கிங் கேட்காது. எல்லாம் நல்லாத்தான் போகும், அது ஒருநாள் சட்டை உரிக்கத் திணறும் வரை.

பாம்பு சட்டை உரிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பல்லியும் உரிக்கும். வீட்டுச் சுவரில் உரித்த சட்டையை நாம் பார்க்காததற்குக் காரணம், பெரும்பாலும் பல்லியே அதைத் தின்றுவிடுகிறது. வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். குட்டி என்றால் வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஓடும். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் தயாரானதும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய திரவம் சேரும். உடம்பு நிறம் மங்கி, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுப்பது அதனால்தான். அந்த ஈரம் இருந்தால் பழைய தோல் கையுறை மாதிரி மொத்தமாகக் கழன்று வரும். காய்ந்துபோனால் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும்.

முதுகில் ஒட்டினால் அவசரம் இல்லை. விரலில் ஒட்டினால்தான் ஆபத்து. ஒட்டிய தோல் காயக் காயச் சுருங்கும். விரலைச் சுற்றி நூல் கட்டி இறுக்கியது போல் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். அடுத்த முறையும் அதே இடத்தில் ஒட்டினால் வளையத்தின் மேல் வளையம். விரல் நுனி வீங்கும், கறுக்கும், ஒருநாள் உதிர்ந்துவிடும். பல்லிக்கு வால் போனால் திரும்ப முளைக்கும், விரல் முளைக்காது. கண்ணிமைக்குள் துண்டு தங்கினாலும் கஷ்டம்தான். இரை தெரியாது, சாப்பிடாது. ‘என்னமோ ரெண்டு வாரமா மந்தமா இருக்கு’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த நேரத்தில் நம் கை சும்மா இருக்காது. நகத்தால் பிடித்து இழுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பழைய தோலோடு, இன்னும் முதிராத புதுத் தோலும் கிழிந்து வரும். அடுத்து, தேங்காய் எண்ணெய். நம்மூரில் எதற்கெடுத்தாலும் அதுதானே! ஆனால் இங்கே குறைவது தண்ணீர். எண்ணெய் தடவுவதால் தண்ணீர் வந்துவிடாது. தூசியும் மண்ணும் ஒட்டுவதுதான் மிச்சம்.

இன்னொரு யோசனை இந்த ஊரில் யாருக்கும் சட்டென்று வரக்கூடியது: கோயில் புற்றுமண். தோல் தொந்தரவு என்றால் புற்றுமண் பூசும் நம்பிக்கை இங்கே ஆழமானது. அந்த நம்பிக்கையைக் கிண்டல் செய்வது என் நோக்கம் இல்லை. நீங்கள் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். பல்லி மேல் மட்டும் பூச வேண்டாம். காய்ந்த களிமண் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், விடை அந்தப் புற்றிலேயேதான் இருக்கிறது. புற்றைக் கட்டுவது கறையான். வெளியே மே மாத வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரப்பதமும் வெப்பமும் அதிகம் ஏறி இறங்காது. பாம்பு அங்கே போய்ப் படுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணியான லெப்பர்ட் கெக்கோ செய்வதும் இதேதான். ‘பாலைவனப் பல்லிக்கு எதுக்குங்க ஈரம்?’ என்று கடைக்காரர்களே கேட்பது உண்டு. வெளியே வறட்சி, உண்மை. ஆனால் அது பகல் முழுவதும் கிடப்பது கல்லுக்கு அடியில், வளைக்குள். அங்கே காற்று வேறு.

நம் கண்ணாடித் தொட்டியில் அந்த வளை இல்லை. அதற்கு மேல் ஏசி. ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் அறையின் காற்றிலிருந்து. அந்தக் காய்ந்த காற்றைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஹீட் மேட் சூடாக்கும்போது ஈரப்பதம் இன்னும் இறங்கும். சங்கரன்கோவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் வேறு. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆடியில், ஆடித்தபசுக்கு வருகிற கூட்டத்தின் முகத்தில் இங்கே பெரும்பாலும் காற்றும் புழுதியும்தான் அடிக்கும். ஜன்னலைத் திறந்தாலும் பல்லிக்குப் பெரிய லாபம் இல்லை.

சரி, என்ன பண்ணலாம்? ஒரு சின்னப் புற்று கட்டுங்கள். பழைய மூடி போட்ட சாப்பாட்டு டப்பா போதும். பல்லி நுழையும் அளவுக்குப் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. விளிம்பைக் கூர் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். உள்ளே நனைத்துப் பிழிந்த டிஷ்யூ. தென்னை நார்த்தூளும் போடலாம், ஆனால் குட்டிகள் இரையோடு சேர்த்து அதை விழுங்கிவிடும் என்பதால் டிஷ்யூ எனக்குப் பிடித்தது. தொட்டியின் சூடான பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு ஈரம்? நம்மூர் பூ மார்க்கெட்டில் மல்லிகை மேல் போட்டிருக்கும் துணியைத் தொட்டுப் பாருங்கள். அவ்வளவுதான். சொட்டினால் பூவும் அழுகும், பல்லியின் தோலும் புண்ணாகும். டப்பாவுக்குள் 70, 80 சதவீத ஈரப்பதம் இருக்கலாம். தொட்டியின் மற்ற பகுதிக்கு 30, 40 சதவீதம் போதும். தொட்டி முழுக்கத் தண்ணீர் அடித்து வைப்பது நுரையீரல் தொற்றுக்கு வழி. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கினால் யூகிக்க வேண்டியதில்லை. டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? வெதுவெதுப்பான தண்ணீர், 30 டிகிரிக்குள், கால் மட்டும் நனைகிற ஆழம். பதினைந்து இருபது நிமிடம் நிற்க விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள், போன் பார்க்கப் போய்விடாதீர்கள். பிறகு ஈரமான காட்டன் பட்ஸால் பாதத்திலிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, மறுநாள் மறுபடியும். கண்ணில் மட்டும் நீங்கள் கை வைக்கக் கூடாது, அது மருத்துவர் வேலை. சட்டை உரிக்க உதவுவதாகச் சொல்லி விற்கிற ஸ்ப்ரேக்களை நான் எதிர்க்கவில்லை. அந்தக் காசுக்கு முதலில் டப்பாவும் ஹைக்ரோமீட்டரும் என்பதுதான் என் கட்சி. ஸ்ப்ரே இந்த ஒருமுறைக்கு உதவலாம். தொட்டி அப்படியே இருந்தால் அடுத்த மாதமும் ஒட்டும்.

இது லெப்பர்ட் கெக்கோவுக்கான கணக்கு. நியூ கலிடோனியா தீவுக்காரரான க்ரெஸ்டட் கெக்கோவுக்கு இரவில் தொட்டியிலேயே நல்ல ஈரம் வேண்டும். உங்களிடம் இருப்பது என்ன இனம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஒட்டினால் காரணம் வேறு. வைட்டமின் ஏ குறைவு, உண்ணி, வயிற்றில் புழு, தொட்டியின் சூடு போதாமை என்று எதுவாகவும் இருக்கலாம். விரல் வீங்கினாலோ கறுத்தாலோ அவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது. இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ‘பில் இல்லாம வாங்குனது, டாக்டர் ஏதாவது கேட்டா?’ என்ற பயம். அந்தப் பயத்தின் விலை பல்லியின் விரல். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்கள் 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. அவற்றை வைத்திருப்போர் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிய வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. உங்கள் பல்லி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மலையடிவாரத்தில் பிடித்த பல்லியை வளர்ப்பது தனிக் கதை, அதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஊர் கால்நடை மருத்துவமனைகளின் அன்றாடம் ஆடு, மாடு, கோழி. அங்கே கேட்பதில் தவறில்லை. முடியாதென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் மருத்துவர் உண்டா என்று போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காற்றோட்டத் துளை போட்ட சின்ன டப்பா, அடியில் ஈர டிஷ்யூ, பஸ்ஸில் வெயில் படாத பக்க சீட். கிளம்பும் முன் தொட்டியை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஹைக்ரோமீட்டரில் எண் தெரிகிற மாதிரி ஒன்றும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.