பழைய ரிவால்வருக்குப் புதுமெருகு எதற்கு?

“தாத்தா காலத்து ரிவால்வர்தானே, பாலிஷ் போட்டு நிக்கல் பூசிப் பிடியை மாற்றிவிட்டால் நல்ல விலை போகும்.” வையம்பட்டி, மணப்பாறைப் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பழைய குடும்பங்களுக்கு இப்படி யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்கள் அடுக்கும் ஒவ்வொரு காரணமும் தவறு.

“பளபளத்தால் மதிப்பு கூடும்.” குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். சேகரிப்பவர்கள் தேடுவதோ, ஆலையிலிருந்து வந்த மேற்பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. துப்பாக்கியின் கருநீலம் பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பே மெல்லிய ஆக்சைடாக மாறியது. அந்தக் காலத்தில் எஃகில் மெதுவாகத் துருவேற்றி, கொதிநீரில் இட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி மறுபடி செய்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். காரஉப்புக் கரைசலில் முக்கியெடுக்கும் முறை 1930-களில்தான் பரவியது. பஃபிங் சக்கரத்தில் வைத்த துப்பாக்கியைப் பார்த்தாலே தெரியும்: விளிம்புகள் மழுங்கியிருக்கும், முத்திரை எழுத்துகள் மங்கியிருக்கும், திருகுத் துளையின் வாய் குழிந்திருக்கும். போன எஃகு திரும்ப வராது.

“பழுப்பெல்லாம் துரு, சுரண்டத்தான் வேண்டும்.” விரலில் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டினால் அது அரிக்கும் துரு. அதற்கு மெல்லிய எண்ணெயும் மென்துணியும் பொறுமையும் வேண்டும். வழவழப்பாகப் படிந்துவிட்ட பழுப்பு அப்படியல்ல. அது வயதின் சான்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே உலோகப் பொருள்களைக் காக்க வேதியியல் ஆய்வகம் அமைந்தது. அத்தகைய பணியிலும் அழிவை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. பழையதைப் புதிதாக்குவது அல்ல.

“தந்தப் பிடி போட்டால் விலை ஏறும்.” 1915-இல் வந்த வெப்லி ஆறாம் மார்க் ரிவால்வருக்கு ஆலை கொடுத்தது கட்டங்கட்டமாகச் செதுக்கிய கறுப்பு வல்கனைட் பிடி, அதாவது கடினமாக்கிய ரப்பர். அதைக் கழற்றி எறிந்தால் பாதி அடையாளம் போயிற்று. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பலவற்றில் பிடியின் உட்புறத்திலும் துப்பாக்கியின் எண் இருக்கும். பிடியும் துப்பாக்கியும் பிறவித்துணை என்பதற்கு அதுவே சாட்சி. தந்த வணிகமோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்வந்த திருத்தங்களால் தடை செய்யப்பட்டது.

“என் பொருள், யார் கேட்பது?” சட்டம் கேட்கும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பது குற்றம். 5-ஆவது பிரிவின்படி பழுதுபார்ப்பவருக்கே உரிமம் வேண்டும். முலாம் பூசும் பட்டறையில் கொடுத்துவிட்டு வரக்கூடிய பொருளல்ல இது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தோலுறைக்குள் நாள்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். தொட்ட கை ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பிடி விரிசல் விட்டிருந்தாலும் அதையே பத்திரப்படுத்துங்கள். எண்ணையும் முத்திரைகளையும் படமெடுத்து லைசென்ஸோடு வையுங்கள். மெருகுக்குச் செலவழிக்க நினைத்த பணம் கையிலேயே இருக்கட்டும்; துப்பாக்கியின் மதிப்பும் அதோடு மிஞ்சும்.