எடுத்துக்காட்டும் ஏதுவும்: செயற்கை நுண்ணறிவுத் தூண்டுரையில் ஆய்வாளர் பொறுப்பு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இராசபாளையத்தை அடுத்து அமைந்த தேவதானம், நச்சாடை தவிர்த்தலிங்கேசுவரர் கோயிலால் அறியப்பெறும் ஊராகும். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் வான்தலமாக அது போற்றப்பெறுகிறது. அவ்வூருக்குப் பெயராய் நிற்கும் சொல், கல்வெட்டுகளில் கோயிலுக்கு உரிமையாக்கப்பெற்ற நிலத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லுமாகும். பிராமணர்க்கு அளிக்கப்பெற்றது பிரமதேயம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளிக்கப்பெற்றது பள்ளிச்சந்தம். கோயிலுக்கு அளிக்கப்பெற்றது தேவதானம். திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதிக்கும் இப்பெயர் உண்டு. தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியும் இச்சொல்லைத் தன் பெயரில் கொண்டுள்ளது.

ஒரு கல்வெட்டு வரியில் இச்சொல் வருமிடத்து, அது நிலவுரிமையைச் சுட்டுகிறதா, ஊர்ப்பெயராய் நிற்கிறதா, வேறோர் ஊர்ப்பெயருக்கு அடையாகிறதா எனத் துணிவது ஆய்வாளர் பணி. இத்தகைய வகைப்பாட்டுப் பணிகளைச் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிகளிடம் ஒப்படைக்கும் ஆர்வம் இன்று பெருகிவருகிறது. அம்மாதிரிக்கு அளிக்கப்பெறும் தூண்டுரையில் எவ்வகை எடுத்துக்காட்டுகளும் எவ்வகைச் சிந்தனைநெறியும் இடம்பெற்றன என்பது முடிவையே மாற்றவல்லது. ஆகவே தூண்டுரையை ஆய்வுநெறியின் ஒரு கூறாகக் கருதி, ஆய்வேட்டில் முழுமையாக வெளிப்படுத்துதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

எடுத்துக்காட்டின் ஆற்றல்

2020ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ நிறுவன ஆய்வாளர்கள் ஜிபிடி-3 என்னும் மொழிமாதிரியை அறிமுகப்படுத்தியபோது, தூண்டுரையில் சில எடுத்துக்காட்டுகளைத் தந்தாலே மீள்பயிற்சியின்றி அம்மாதிரி புதிய பணிகளைச் செய்யும் எனக் காட்டினர். 2022இல் கூகுள் ஆய்வாளர் ஜேசன் வெய் முதலியோர், விடையை மட்டும் தராமல் அவ்விடைக்குச் செல்லும் படிகளையும் எழுதிக்காட்டும் முறையை முன்வைத்தனர். அவ்வாறு எழுதப்பெற்ற எட்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டே பெரிய மாதிரிகள் கணக்கு வினாக்களில் பெருமுன்னேற்றம் கண்டன. அதே ஆண்டில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோஜிமா முதலியோர், எடுத்துக்காட்டே இல்லாதவிடத்தும் படிப்படியாகச் சிந்திக்குமாறு பணிக்கும் ஒரு தொடர் பயன் தருவதை நிறுவினர்.

தமிழ் உரைமரபும் அளவை மரபும்

இம்முறைகள் தமிழ் ஆய்வுலகிற்கு முற்றிலும் புதியன அல்ல. நன்னூல் உரைக்குரியனவாகக் கூறும் பதினான்கனுள் உதாரணம், வினா, விடை, துணிவு ஆகியன இடம்பெறுகின்றன. எடுத்துக்காட்டின்றி நூற்பா விளங்காது என்பதும், ஐயம் எழுப்பி விடைகண்ட பின்னரே துணிதல் வேண்டும் என்பதும் உரையாசிரியர் கைக்கொண்ட நெறிகள்.

மணிமேகலையின் 29ஆம் காதை இதனினும் நுட்பமான பாகுபாட்டைத் தருகிறது. கருதலளவையின் உறுப்புகளாகப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பன அங்கு விளக்கப்பெறுகின்றன. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகையுடைமை ஏது, அடுக்களை திட்டாந்தம். திட்டாந்தமும் சாதன்மியம், வைதன்மியம் என இருவகைப்படும். பொருள் உள்ளவிடத்தைக் காட்டுவது முன்னது. இல்லாதவிடத்தைக் காட்டுவது பின்னது. பிழைபட்ட எடுத்துக்காட்டுகள் திட்டாந்தப் போலி என்னும் தலைப்பில் வகுக்கப்பெறுகின்றன. எடுத்துக்காட்டு தெளிவுதருவது போலவே வழுப்படவும் கூடும் என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது.

தூண்டுரையில் தோன்றும் போலிகள்

மொழிமாதிரிகளிடத்தும் இவ்வழு காணப்பெறுகிறது. எடுத்துக்காட்டுகளின் வரிசையை மாற்றினாலே விடையின் துல்லியம் பெரிதும் மாறுவதையும், இறுதியில் நிற்கும் எடுத்துக்காட்டின் விடைபால் மாதிரி சாய்வதையும் 2021இல் சாவோ முதலியோர் வெளிப்படுத்தினர். தேவதானம் என்னும் சொல்லுக்குத் தரப்பெற்ற எடுத்துக்காட்டுகள் அனைத்தும் நிலவுரிமை பற்றியனவாயின், அடுத்து வரும் ஊர்ப்பெயரையும் நிலவுரிமை எனக் கொள்ளும் சாய்வுக்கு ஆய்வாளரே வழிவகுத்தவராவார்.

மற்றொன்று இதனினும் கருதத்தக்கது. எடுத்துக்காட்டு வினாக்கள் அனைத்திலும் சரியான விடை முதல் தெரிவாகவே அமையுமாறு 2023இல் டர்பின் முதலியோர் மாற்றியமைத்தனர். மாதிரிகள் அச்சாய்வுக்கு ஆட்பட்டுத் தவறான விடை கூறின. ஆனால் அவை எழுதிய விளக்கங்களில் அக்காரணம் பெரும்பாலும் குறிப்பிடப்பெறவில்லை. வேறு காரணங்கள் சீராக அடுக்கப்பெற்றிருந்தன. எனவே மாதிரி எழுதிக்காட்டும் படிகளை ஏதுவாகக் கொள்ளுதல் இயலாது. அதனை மேற்கோளாக ஏற்கும் ஆய்வேடு, கல்லில் இல்லாத சான்றைக் கல்லின்மேல் ஏற்றுவதாகும்.

நெறியாகக் கொள்ளத்தக்கவை

மேற்கண்ட சொல்லாய்வுக்குரிய தூண்டுரையில் மூவகை வழக்கும் சம அளவில் இடம்பெறுதல் வேண்டும். இச்சொல் வந்தும் நிலவுரிமை சுட்டாத இடங்கள் எதிர்மறை எடுத்துக்காட்டாக அமைதல் வேண்டும். முன்னும் பின்னும் நாட்டுப்பெயர், ஊர்ப்பெயர் உளவா. இறையிலி முதலான வரிச்சொற்கள் அடுத்துள்ளனவா. ஆன, ஆக என்னும் சொற்கள் தொடர்கின்றனவா என ஆராயும் முறையை வரிசைப்படுத்துதல் வேண்டும். பழங்கல்வெட்டுகளில் எகர ஏகார வேறுபாடு எழுத்தில் காட்டப்பெறாமையும் புள்ளி பெரும்பாலும் இடப்பெறாமையும் குறிப்பிடத்தக்கன. எல்லாவற்றிற்கும் மேலாக, சிதைந்த வரிகளில் துணிய இயலாது எனக் கூறும் எடுத்துக்காட்டு ஒன்றேனும் வேண்டும். அஃது இல்லாத தூண்டுரை, ஐயத்திற்கு இடமே தராத உரையை ஒக்கும்.

மறுப்பும் விடையும்

புதிய மாதிரிகள் தாமே சிந்திக்கவல்லன. அவற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டா என்பார் உளர். 2025 ஜனவரியில் வெளிவந்த டீப்சீக்-ஆர்1 பற்றிய அறிக்கை, எடுத்துக்காட்டுகள் அம்மாதிரியின் திறனைக் குறைப்பதாகவே கூறி, பணியை நேரடியாக விளக்குமாறு பரிந்துரைத்தது. இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் எடுத்துக்காட்டு வேண்டாவிடத்தும் வகைப்பாட்டின் வரையறையை வகுப்பவர் ஆய்வாளரே. ஒரு மாதிரிக்குத் துணையாவது மற்றொன்றுக்கு இடையூறாகுமாயின், எம்மாதிரி, எப்பதிப்பு, எத்தூண்டுரை என்பவற்றைப் பதிவுசெய்யும் தேவை மேலும் வலுப்பெறுகிறது.

முடிவுரை

பாடவேறுபாடுகளைக் குறிக்காத பதிப்பைத் தமிழ் ஆய்வுலகம் செம்பதிப்பென ஏற்பதில்லை. அந்த அளவுகோலே இங்கும் பொருந்தும். மொழிமாதிரியின் துணையோடு எழுதப்பெறும் ஆய்வேடுகள் தூண்டுரையையும் எடுத்துக்காட்டுகளையும் பின்னிணைப்பில் தருதல் வேண்டும். எடுத்துக்காட்டுகளின் வரிசையை மாற்றி மீளச் சோதித்த முடிவும், ஆய்வாளர் தாமே படித்துத் துணிந்த வரிகளோடு ஒப்பிட்ட முடிவும் உடன் அமைதல் நன்று. நெறியாளரும் மதிப்பீட்டாளரும் இவற்றைக் கேட்டுப் பெறுதல் கடன். அடுக்களையைக் காட்டியவர் யார் என்பது தெரிந்தால்தான், மலையில் நெருப்புண்டு என்னும் முடிவைப் பிறர் சோதிக்க இயலும்.