யாரைவிட?

திருக்குறளில் பிடித்த அதிகாரம் எது என்று யாராவது கேட்டால், 132 என்பேன். புலவி நுணுக்கம். அதை மேடையில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை; பேருந்தில் எழுதி வைத்தும் பார்த்ததில்லை. பள்ளியில் எங்களுக்கு அறமும் பொருளும் வந்தன. 1081ஆம் குறளில் தொடங்கும் மூன்றாம் பாலை, பெரியவர்கள் ஆனதும் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் ஆனபின் யார் படித்தோம்?

அந்த அதிகாரத்தில் ஒருவன் படாத பாடு படுகிறான். காதலியிடம் அன்பைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'யாரையும்விட நமக்குக் காதல் அதிகம்' என்கிறான். 'யாரைவிட? யாரைவிட?' என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காதலிக்கிற மற்ற ஜோடிகளைவிட என்று அவன் நினைத்துச் சொன்னதை, மற்றப் பெண்களைவிட என்று அவள் எடுத்துக்கொண்டாள் என்பது பரிமேலழகர் விளக்கம். சரி, இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்று சொல்லிப் பார்க்கிறான். அவள் கண் நிறைய நீர். அப்படியானால் அடுத்த பிறவியில்? உன்னை நினைத்தேன் என்றால், நடுவில் மறந்திருந்தீர்கள் என்றாகிறது. தும்முகிறான், வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயாலேயே, எவள் நினைத்துத் தும்மினீர்கள் என்று அழுகிறாள். (யாரோ நினைக்கிறார்கள் என்று இப்போது நாம் புரையேறினால் சொல்கிறோம்.) அடுத்த தும்மலை அடக்கினால், உங்களவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று அதற்கும் அழுகை. கடைசியில் வாயே திறக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்று கோபம்.

வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பாவம், அந்த ஆளு" என்றார். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதிகம் என்றால் அளந்தாயிற்று என்று பொருள். அளக்கப் பக்கத்தில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். இந்தப் பிறவி என்றால் அதற்கொரு கரை உண்டு. அவள் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. அவன் சொன்னதற்குள் கிடந்ததை எடுத்து அவன் முன்னால் வைக்கிறாள்.

காதலைச் சொல்ல வார்த்தையே இல்லை என்று கவிஞர்கள் புலம்புவது வழக்கம். வள்ளுவர் காட்டும் சிக்கல் வேறு. வார்த்தைக்குப் பஞ்சமில்லை, அது நாம் நினைத்ததற்கு மேலேயும் சொல்லிவிடுகிறது. கேட்பவளோ உயிரையே வைத்துக் கேட்கிறாள். கடன் பத்திரத்தைக்கூட யாரும் அத்தனை கவனமாகப் படிப்பதில்லை. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பை வள்ளுவர் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறார்: 71இல் அரசன் முகத்தைப் படிக்க, 110இல் காதலர் கண்ணைப் படிக்க. களவுக் காலத்தில் அவள் பார்வையைப் படித்து மகிழ்ந்தவன், அவள் தன்னைப் படிக்கத் தொடங்கியதும் திணறுகிறான்.

சங்கப் புலவர்கள் இதைத் தெரிந்துதானோ என்னவோ, நேருக்கு நேர் சொல்லும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். குறுந்தொகையின் 401 பாடல்களில் தலைவி பெரும்பாலும் தோழியிடம்தான் மனம் திறக்கிறாள். தலைவன் பாங்கனிடம் பேசுகிறான், அல்லது தன் நெஞ்சிடம். வள்ளுவரும் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். நெஞ்சு எதிர்க்கேள்வி கேட்காது.

இன்று திருமண நாளுக்கும் காதலர் தினத்துக்கும் ஆயத்த வரிகள் கிடைக்கின்றன. ஒரே வரி ஆயிரம் பேருக்குப் போகிறது. அனுப்பியவரிடம் யாரும் 'யாரைவிட?' என்று கேட்பதில்லை. ஒரு பூப்படத்தைப் பதிலாக அனுப்புவதோடு சரி. தும்மலுக்கு அழுதவள் இதைப் பார்த்தால் என்ன சொல்வாளோ!

அவளைச் சமாதானப்படுத்தும் வாக்கியம் ஒன்றையும் வள்ளுவர் எழுதித் தரவில்லை. 1319ஆம் குறளில் அவன் காலில் விழாத குறையாக இறங்கிப் போகிறான். மற்றவர்களிடமும் இப்படித்தானே இறங்கிப்போவீர்கள் என்கிறாள். அடுத்த அதிகாரம் ஊடலுவகை. அந்த ஊடலே இன்பம் என்று அதில் பத்துக் குறள்கள். அத்தோடு 1330 முடிந்து நூலும் முடிகிறது.