கத்தரியைக் கீழே வைங்க மக்களே!

"படம் ஓகே. ஆனா இரண்டாம் பாதியில எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்."

இந்த வரி இல்லாத விமர்சனப் பதிவு ஒண்ணைக் காட்டுங்க, உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது டீயும் வடையும் என் செலவு. ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை பரவாயில்லை, எடிட்டருக்குக் கத்தரி. முடிஞ்சுது ஜோலி. ஒரு மனுஷன் மாசக்கணக்கா இருட்டு ரூமில உட்கார்ந்து பார்த்த வேலைக்கு நம்ம பதிவுலகம் கொடுக்கிற இடம் அரை வரி. அதுலயும் சொல்றது என்ன? நீளத்தைக் குறைச்சிருக்கலாமாம். தையல்காரர்கிட்ட போய் "சட்டை சுமார்தான், துணியை இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்"னு சொல்ற மாதிரி இருக்கு.

அந்தக் காட்சி ஏன் நீளமாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எழுதும்போதே நீளமா இருந்திருக்கலாம். "அதுல கை வெச்சே, தெரியும்"னு இயக்குநர் சொல்லியிருக்கலாம். ஹீரோவோட அறிமுகப் பாட்டா இருக்கலாம். ஆனா பழி மட்டும் எடிட்டர் தலையில.

சரி, மேட்டருக்கு வர்றேன். விமர்சகர்கள் மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை (கொஞ்சம் இருக்கு). எடிட்டிங் கத்துக்கணும்னு இணையத்துக்கு வர்ற பையனுக்குத் தமிழ்ல என்ன கிடைக்குது? அதுதான் என் கேள்வி.

எங்க ஊர் மாதிரி ஊர்ல எடிட்டர்னா சினிமா எடிட்டர் இல்லைங்க. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி வீடியோ வெட்டுற பசங்க. பாதிப்பேர் எடியஸ், மீதிப்பேர் பிரீமியர். ரெடிமேடா விக்கிற 'ப்ராஜெக்ட்' ஒண்ணை வாங்கி, மாப்பிள்ளை பொண்ணு போட்டோவை மாத்தி, மேகத்துக்குள்ள இருந்து அவங்க பறந்து வர்ற மாதிரி விட்டு, பாட்டைக் கோர்த்துக் கொடுத்துடுவாங்க. அவங்களை நான் கிண்டல் பண்ணலை. முகூர்த்த நாள்ல ராத்திரி பகலா வேலை பார்க்கிறவங்க அவங்க. ஆனா அந்தப் பையன் தமிழ்ல தேடினா என்ன வருது? "இந்த எஃபெக்ட் போடுவது எப்படி", "பத்தே நிமிடத்தில் எடிட்டர் ஆகலாம்", அப்புறம் திருட்டு சாஃப்ட்வேர் எங்க கிடைக்கும்னு ஒரு பட்டியல். டாவின்சி ரிசால்வ்ல நல்ல பதிப்பே பல வருஷமா இலவசமா கிடைக்கும்போது எதுக்கய்யா திருடணும்?

எந்தப் பட்டனை அமுக்கணும்னு சொல்ல நூறு பேர். எங்க வெட்டணும், ஏன் வெட்டணும்னு சொல்ல ஆளைத் தேடணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். தாலி கட்டுற நேரம். கெட்டிமேளம் முழங்குது. எல்லா வீடியோவிலயும் மேளச்சத்தமும் தாலியும் ஒண்ணாவே வரும். அதுக்குப் பதிலா, ஓரமா நிக்கிற பொண்ணோட அம்மா முகத்தை முதல்ல வைங்க. படத்துல அம்மா முகம், காதுல கெட்டிமேளம். ரெண்டு விநாடி. அப்புறம் தாலிக்குப் போங்க. அவ்வளவுதான், அந்த வீட்டுல அதைப் பார்த்து அழாத ஆள் இருக்க மாட்டாங்க. சத்தம் முன்னாடி, படம் பின்னாடி. ஜே கட்னு இதுக்குப் பேரு. காலணா செலவில்லை, எஃபெக்ட் வேண்டாம், மேகம் வேண்டாம். இதை எங்க ஊர்ப் பையனுக்கு யாராவது தமிழ்ல உட்கார்ந்து சொன்னீங்களா?

ஆங்கிலத்துல சொல்லியிருக்காங்க. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தை வெட்டினவர்கள்ல ஒருத்தரான வால்டர் மர்ச், 'இன் தி பிளிங்க் ஆஃப் ஆன் ஐ'ன்னு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு வெட்டு சரியான்னு பார்க்க ஆறு அளவுகோல் வெச்சு, அதுல உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். மத்த அஞ்சும் சேர்ந்தாலும் அதைத் தாண்டாது. ஸ்டீவ் ஹல்ஃபிஷ்னு ஒருத்தர் 'ஆர்ட் ஆஃப் தி கட்'ங்கிற பேர்ல எடிட்டர்களை உட்கார வெச்சு, எந்த ஷாட்டை எதுக்கு எடுத்தீங்க, எதை ஏன் தூக்கினீங்கன்னு விலாவாரியாப் பேட்டி எடுத்துக் குவிச்சிருக்கார்.

நம்ம பக்கம்? கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையர்ல பஞ்சு எடிட்டர். 1952இல் வந்த 'பராசக்தி' டைட்டில்ல எடிட்டிங்னு 'பஞ்சாபி' பேர் வருதே, அது அவர்தான். அவங்ககிட்ட எடிட்டிங் உதவியாளரா இருந்து வந்தவர்தான் பீம்சிங். பீம்சிங்கோட பையன் பி. லெனின். இப்படி மூணு தலைமுறையா கைமாறி வந்த தொழில் இது. ஸ்ரீகர் பிரசாத் தேசிய விருதா வாங்கிக் குவிச்சவர். 2003இல் ஆண்டனி 'காக்க காக்க'வை வெட்டினதுக்கப்புறம் தமிழ்ப்படத்தோட நடையே படபடன்னு மாறிடுச்சுங்கிறது என் கட்சி. (எல்லாம் நல்லதுக்கான்னு கேட்டா, அது தனிப்பதிவு.) இவங்க எப்படி யோசிச்சாங்கன்னு படிக்கப் போனா கிடைக்கிறது விருதுச் செய்தியும் பிறந்தநாள் வாழ்த்தும்.

கிஷோரை எடுத்துக்குங்க. நம்ம விழுப்புரம் பக்கத்து ஆளு. 'ஆடுகளம்' எடிட்டிங்குக்குத் தேசிய விருது வாங்கினவர். 2015 மார்ச்சில், 'விசாரணை' வேலை நடந்துகிட்டிருந்தப்ப மயங்கி விழுந்து இறந்துபோனார். வயசு 36. அடுத்த வருஷம் அதே படத்துக்கு அவருக்கு இன்னொரு தேசிய விருது அறிவிச்சாங்க. இறந்தன்னிக்கு எத்தனை அஞ்சலிப் பதிவு! ஒரு மெழுகுவத்திப் படம், 'ஆழ்ந்த இரங்கல்'. அந்தச் சேவல் சண்டைக் காட்சிகள்ல பறவையையும் மனுஷ முகத்தையும் எப்படி மாத்தி மாத்தி வெச்சார், எங்க மூச்சைப் பிடிக்க வெச்சார், எங்க விட்டார்னு நாலு பத்தி எழுதியிருந்தா, அதுவும் அஞ்சலிதானே?

இது ஏதோ கலை ரசனைப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. எங்க ஊருக்குப் பக்கத்துலதான் கூவாகம். ஒவ்வொரு சித்திரையும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குக் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊரே வருது. திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கிறாங்க. மறுநாள் அரவான் களப்பலி ஆனதும் வளையலை உடைச்சு, தாலியை அறுத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒப்பாரி வெச்சு அழறாங்க. அந்த அழுகையைப் பக்கத்துல நின்னு கேட்டவனுக்கு லேசுல மறக்காது. திரும்பி வந்து பார்த்தா வீடியோவில என்ன இருக்கு? உதட்டுச் சாயம் பூசுறது குளோசப்ல, விழுப்புரம் அழகிப்போட்டி நடை ஸ்லோமோஷன்ல, பின்னாடி குத்துப்பாட்டு, நடுவுல 'டொய்ங்'னு ஒரு காமெடி சத்தம். ஒப்பாரிக்கு மூணு விநாடி.

கேமராக்காரன் எல்லாத்தையும்தான் எடுத்தான். முழு அழுகையும் ஹார்ட் டிஸ்க்ல இருந்தது. அதைத் தூக்கினது டைம்லைன்ல உட்கார்ந்தவன். அவன் கெட்டவன் இல்லை; எங்க ஊர்ப் பையன் மாதிரி ஒருத்தன்தான். 'ஜனங்க ஓடிடுவாங்க, வேகமா வெட்டு'ன்னு மட்டும்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அழறவங்க முகத்துல கேமராவை எவ்வளவு நேரம் நிறுத்தணும், எந்த இடத்துல பாட்டை நிறுத்திட்டுச் சும்மா இருக்கணும்னு அவன் மொழியில அவனுக்கு யாரும் சொல்லலை.

"ஆங்கிலத்துலதான் இருக்கே, படிச்சுக்க வேண்டியதுதானே?"ன்னு ஒரு அனானி இப்பவே பின்னூட்டப் பெட்டியைத் திறந்திருப்பார். ஐயா, 2004இல் தமிழ்மணம் ஆரம்பிச்ச நாட்கள் ஞாபகம் இருக்கா? எ-கலப்பையை இறக்கி, சுரதாவோட பொங்குதமிழ்ல எழுத்துருவை மாத்தி, கட்டம் கட்டமா தெரிஞ்ச தமிழைச் சரிபண்ண ராத்திரியெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பதிவு போட்டுச் சொல்லிக் கொடுத்தீங்களே. அன்னிக்கு யாராவது "பேசாம ஆங்கிலத்துலயே எழுதிட்டுப் போங்களேன்"னு சொல்லியிருந்தா கும்மி எடுத்திருக்க மாட்டீங்க?

அந்தக் கட்டம் கட்டமான தமிழ் எடிட்டர்களை விட்டு இன்னும் முழுசாப் போகலைங்கிறது தெரியுமா? டைட்டில்ல 'கொ'ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும். அதனாலயே பல பசங்க இன்னமும் பழைய பாமினி எழுத்துருவைப் பிடிச்சுத் தொங்குறாங்க. பிரீமியர் அமைப்புகள்ல கிராஃபிக்ஸ் பகுதியில 'தெற்காசிய' எழுத்து முறைன்னு ஒரு தேர்வு வந்து சில வருஷமாச்சு. அதைப் போட்டா யூனிகோட் தமிழ் ஒழுங்கா உட்காரும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். எழுத்துருவுக்காக உயிரைக் கொடுத்த பதிவுலகம் இந்த ஒரு வரியை எழுதலையே, ஏன்?

சினிமாக்காரங்க யாரும் பேச மாட்டாங்கன்னு சாக்கு சொல்லாதீங்க. பேசவே வேண்டாம். அடுத்த விமர்சனத்துல கத்தரிக்குப் பதிலா ஒரே ஒரு வெட்டைப் பத்தி எழுதுங்க. இந்த ஷாட்டுக்கு அப்புறம் அந்த ஷாட் வந்ததால எனக்கு இப்படித் தோணுச்சுன்னு. தப்பா இருந்தா பின்னூட்டத்துல எவனாவது எடிட்டர் வந்து திட்டுவான். வந்தா நல்லதுதானே :-)

டிஸ்கி: செல்போன்ல எடுத்த வீடியோவை டைம்லைன்ல போட்டா போகப்போக உதடும் சத்தமும் விலகுதுன்னு எங்க தெருப் பையன் ஒருத்தன் புலம்பினான். போன் ஒரே சீரான வேகத்துல பிரேம் எடுக்கிறதில்லை, அதான் காரணம். ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல பிரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்'னு வெச்சு மாத்திக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. கல்யாண கேமரா 25 பிரேம்ல ஓடுதுன்னா இதையும் 25ன்னே வைங்க.