துப்பாக்கி மக்கர் செய்த நாள்

எதிரி விமானத்தை முதன்முதலாகச் சுட்டு வீழ்த்திவிட்டுத் திரும்புகிறான் புரூனோ. அதே சண்டையில், கூடப் பறந்த சக பைலட் இறந்துவிட்டான். முகாமே துக்கத்தில் இருக்க, புரூனோ மட்டும் கொட்டும் மழையில் கிளம்பிப் போய், தான் வீழ்த்திய விமானத்தின் உடைசல்களைத் தேடி அலைகிறான். சாட்சி இல்லாவிட்டால் அது அவன் கணக்கில் ஏறாதே!

1966-ல் வெளிவந்த ‘தி ப்ளூ மேக்ஸ்’ படத்தில் வரும் காட்சி இது. ஜாக் டி. ஹண்டர் 1964-ல் எழுதிய நாவலை ஜான் கில்லர்மின் படமாக்கினார். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு, ஜெர்மன் விமானப் படை. ‘ப்ளூ மேக்ஸ்’ என்பது ஒரு நீலநிறப் பதக்கம். 20 விமானங்களை வீழ்த்தினால் கழுத்தில் தொங்கும்.

புரூனோவின் அப்பா ஐந்து அறைகள் கொண்ட சின்ன ஹோட்டல் நடத்துகிறவர். வில்லியோ ஜெனரலின் சொந்தக்காரன், பிரபு குடும்பம். வசதியான வீட்டுப் பையன்கள் நிறைந்த முகாமில் புரூனோவோடு நெருங்கிப் பழகுகிறவன் இந்த வில்லிதான். ஜெனரலின் மனைவியை வைத்து ஒரு காதல் முக்கோணமும் படத்தில் உண்டு. என்னைக் கேட்டால் அது இல்லாமலே இந்த நட்பு உடைந்திருக்கும். அதற்கு அந்த எண்ணிக்கையே போதும்.

படம் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஒருநாள் இருவரும் ஒன்றாகப் பறக்கிறார்கள். சண்டை நடுவே புரூனோவின் துப்பாக்கி மக்கர் செய்கிறது. வில்லி மூன்று விமானங்களை வீழ்த்துகிறான். திரும்பும் வழியில் ஒரு பாலம். அதன் அகலமான வளைவுக்கு அடியில் வில்லி புகுந்து வருகிறான். புரூனோ அதைவிடக் குறுகலான வளைவில் புகுந்து காட்டுகிறான். விடுவானா வில்லி? அவனும் அதே குறுகலில் நுழைந்து வெளியே வந்து, மேலே ஏறும்போது ஒரு கோபுரத்தில் இடித்து நொறுங்கிப் போகிறான். முகாமுக்குத் திரும்பிய புரூனோ, அந்த மூன்றில் இரண்டு தன்னுடையவை என்கிறான். சுட்டது 40 குண்டுகள்தான் என்று பின்னால் தெரியவருகிறது. செத்துப்போன நண்பனின் கணக்கிலிருந்து இரண்டைத் திருடியாயிற்று.

கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. நிஜத்திலும் ஒருநாள் துப்பாக்கி மக்கர் செய்தது.

1915 ஆகஸ்ட் 1. பிரான்சில் ஜெர்மானியர் வசமிருந்த டுவே விமானதளத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. போல்கே, இம்மெல்மான் என்ற இரண்டு நண்பர்கள் துரத்திக்கொண்டு போனார்கள். போல்கேயின் துப்பாக்கி சிக்கிக்கொள்ள, அவர் திரும்ப வேண்டியதாயிற்று. இம்மெல்மான் ஒரு விமானத்தைத் தரையிறங்க வைத்தார். அது அவருடைய முதல் வெற்றி.

அதன் பிறகு இருவருக்கும் இடையே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒருவர் முந்துவார், மற்றவர் எட்டிப் பிடிப்பார். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வரும் நமக்கு, அந்த முகாமின் சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆனால், இங்கே யாரும் யாருடைய வெற்றியையும் திருடவில்லை. 1916 ஜனவரி 12 அன்று, ஆளுக்கு எட்டு விமானங்கள் என்ற கணக்கில், ஒரே நாளில் இருவருக்கும் அந்த நீலப் பதக்கம் கிடைத்தது.

ஆம், அப்போது எட்டு போதும். ஓராண்டு கழித்து ரிக்தோஃபன் அதை வாங்கும்போது 16 ஆகியிருந்தது. ஹண்டரின் புரூனோ வந்து சேரும் 1918-ல், எட்டுக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லைக் கோட்டைத் தள்ளி வைத்துக்கொண்டே போனால், ஓடுகிறவன் பக்கத்தில் ஓடுகிறவனைத் தள்ளிவிடத்தானே பார்ப்பான்? புரூனோவை வில்லனாக்காமல், பதக்கத்தை வில்லனாக்கியதுதான் இந்தக் கதையின் சாமர்த்தியம்.

இம்மெல்மான் அதே ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். போல்கே 40 விமானங்கள் வரை போனார். அக்டோபர் 28 அன்று எதிரியைத் துரத்தும்போது அவருடைய இறக்கையில் இன்னொரு விமானத்தின் சக்கரம் உரசியது. ஓட்டியவர் எர்வின் போமே. போல்கேயே தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்ட நண்பர். போட்டியில்லை, பொறாமையில்லை, ஒரு நொடித் தவறுதான். போமே எப்படியோ தரையிறங்கினார். போல்கே பிழைக்கவில்லை. பிரிட்டிஷ்காரர்கள்கூட விமானத்திலிருந்து மலர்வளையம் போட்டுவிட்டுப் போனார்கள்.

போமே அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் பறந்தார். 1917 நவம்பரில் அவருக்கும் நீலப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 29-ம் தேதி, பறந்துகொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்.