சாவியைக் கொடுத்ததும் கடமை தீர்ந்ததா?

மோட்டார் சைக்கிள் விற்பவர் வண்டியை மட்டும் விற்கவில்லை. அது ஓடும் என்ற வாக்குறுதியையும் சேர்த்தே விற்கிறார். வாங்குபவர் கொடுக்கும் விலையில் இரும்புக்கு ஒரு பங்கும் வாக்குறுதிக்கு ஒரு பங்கும் அடங்கியுள்ளன. இரும்பைக் கையளித்துவிட்டு வாக்குறுதியைக் கொழும்புக் களஞ்சியத்தில் பூட்டி வைத்துக்கொள்வது வியாபாரமா, வஞ்சனையா என்று நாம் கேட்கிறோம்.

கேகாலை மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. கண்டி வீதியை ஒட்டி வாழ்பவர்களுக்குப் பஸ் உண்டு. அவ்வீதியை விட்டு விலகி, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்கு இறங்கிப் பாருங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை மலைகளில் ஏறிப் பாருங்கள். மாலையானதும் பஸ் நின்றுவிடும் தோட்டங்கள் எத்தனை! பஸ்ஸே போகாத டிவிசன்கள் எத்தனை! அங்கே பாடசாலைக்குப் போகும் ஆசிரியருக்கும், லயத்துக்கு லயம் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், வெட்டிய இறப்பர் பாலை உறையுமுன் கொண்டுசேர்க்க வேண்டிய சிறு தோட்டக்காரருக்கும், பறித்த கொழுந்தை அன்றைக்கே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டிய விவசாயிக்கும் காலாக இருப்பது இந்த இரண்டு சக்கரங்களே. இந்நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். இது பெருந்தொகை மக்களின் பிழைப்புப் பற்றிய விவகாரம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மிடம் வந்து முறையிடுவோர் சொல்லும் கதை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில்லை. வாங்கப் போன நாளில் நாற்காலி, தேநீர், புன்னகை எல்லாம் உண்டு. லீசிங் பத்திரங்கள் அரை மணி நேரத்தில் நிரப்பப்படுகின்றன. எட்டாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வண்டி நின்றுவிடுகிறது. தள்ளிக்கொண்டோ லொறியில் ஏற்றியோ விற்பனை நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள். “பார்ட்ஸ் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும், அடுத்த கிழமை வாருங்கள்” என்ற பதில் கிடைக்கிறது. அடுத்த கிழமை போனால் அதற்கடுத்த கிழமை. தொலைபேசியில் அழைத்தால், பொறுப்பானவர் வெளியே போயிருக்கிறார். வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா என்றால் பெரும்பாலும் இல்லை. வெளியே உள்ள பாஸிடம் கொடுத்துத் திருத்தினாலோ “உத்தரவாதம் போய்விட்டது” என்கிறார்கள். தாமும் திருத்தமாட்டார்கள், பிறர் திருத்தவும் விடமாட்டார்கள்!

வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. மாதத் தவணை பதினையாயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபா. அந்தக் கணக்கில், ஒரு தவணை பதினொரு நாள் உழைப்பையும் விழுங்கி இன்னும் கேட்கும். தாய் கொழுந்தெடுத்தும் தந்தை பால் வெட்டியும் சம்பாதித்ததைக் கொண்டு மகனுக்கு வாங்கிய வண்டி, கேகாலையில் ஒரு கொட்டகையின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. மகன் வேலைக்கு ஓட்டோவில் போகிறான். தவணை ஒரு பக்கம், ஓட்டோக் கூலி மறுபக்கம். இரண்டு மாதம் பிந்தினால் லீசிங் கொம்பனியின் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். உதிரிப்பாகம் மூன்று மாதம் பிந்தினால் யார் வாசலில் யார் போய் நிற்பது?

“டொலர் இல்லை” என்பது விற்பனையாளரின் பழைய பாட்டு. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. நாணயக் கடிதம் திறக்க வங்கிகள் தயங்கிய அந்நாட்களில், ஒரு செயின் செட்டுக்காக மக்கள் மாதக்கணக்கில் பொறுத்திருந்தார்கள். ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதிக்கும் வழி திறக்கப்பட்டது. அதன் பின்னரும் அதே பாட்டைப் பாடுவது எவ்வாறு பொருந்தும்? முழு வண்டியை இறக்குவதற்கு டொலர் கிடைக்கிறது. அந்த வண்டிக்கு வேண்டிய ஒரு வால்வுக்கு மட்டும் கிடைக்கவில்லையா? புதிய வண்டியை விற்றால் இலாபம் உடனே கைக்கு வரும். உதிரிப்பாகத்தை இருப்பில் வைத்தால் பணம் முடங்கும். காரணம் இதுவே. தம் முதல் முடங்காமல் இருக்க ஏழையின் வண்டியை முடக்குகிறார்கள்.

சட்டம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதா? முற்றாக இல்லை. விற்ற பொருள் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே வகுத்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை நிறுவியது. உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றவர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ விசாரணையின் பின் கட்டளையிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். சேவையை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வதாக ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் ஓர் உத்தரவாதம் இருப்பதாகவே அச்சட்டம் கொள்கிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படவேண்டும் என்கிறது 13 ஆம் பிரிவு. வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். வண்டி பழுதடைவது எட்டாம் மாதத்தில். விற்ற நாளிலிருந்து எண்ணினால் காலம் எப்போதோ கடந்துவிட்டது. சேவை வழங்கிய நாளிலிருந்து எண்ணலாமென்றால், சேவையே இன்னும் வழங்கப்படவில்லை! உத்தரவாதப் பத்திரமோ ஆண்டுக்கணக்கில் பேசுகிறது. அதை மீறினால் முறையிடும் காலமோ மாதக்கணக்கில் முடிந்துவிடுகிறது. நியாயமாகப் பொருள்கொள்ளும் ஓர் அதிகாரி இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடும். ஆயினும் ஏழையின் உரிமை அதிகாரியின் மனப்போக்கில் தொங்குவது நீதியாகாது.

“அடுத்த கிழமை” என்ற சொல்லின் பயன் இப்போது விளங்குகிறதல்லவா? அது வாடிக்கையாளரின் பொறுமையை மட்டும் தின்பதில்லை. அவருடைய உரிமையையும் நாள் நாளாகத் தின்கிறது. பன்னிரண்டு முறை “அடுத்த கிழமை” சொல்லிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் கழிந்துவிடும். மாவட்ட நீதிமன்றம் இருக்கிறதே எனலாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் மீது வழக்கிடக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது என்பதும் உண்மையே. ஆனால் ஒரு கிளட்ச் தட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறத் தோட்டத்துத் தொழிலாளியால் முடியுமா? வழக்குச் செலவு வண்டியின் விலையை மீறிவிடாதா?

மொழியின் இடர் இதற்குமேல் வருகிறது. கையொப்பமிடும் பத்திரம் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். தமிழில் படித்த இளைஞன், எதற்கு உடன்பட்டோம் என்று அறியாமலே உடன்படுகிறான். தனியார் கடையை அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரச அதிகாரியை அது கட்டுப்படுத்தும். 1988 இல் நிறைவேறிய 16 ஆவது திருத்தத்தின் பின், சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள கேகாலையிலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற நமக்கு உரிமை உண்டு. எனவே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழிலேயே பதில் கேளுங்கள். அதே கொட்டகையில் சிங்கள விவசாயியின் வண்டியும் தூசி படிந்து கிடக்கிறது என்பதையும் மறவாதீர்கள். இந்தச் சண்டையில் அவர் நம் பக்கத்தில் நிற்கவேண்டியவர். அவரையும் அழைத்துக்கொண்டு போவதே விவேகம்.

நாம் கேட்பது உலகில் இல்லாத புதுமையன்று. நம்மைப் போலவே தமிழர் தோட்டங்களில் வியர்வை சிந்திய மலேசியாவைப் பாருங்கள். அங்கே 1999 ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37 ஆம் பிரிவு, திருத்தும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யவேண்டிய கடமையை ஓர் உட்கிடையான உத்தரவாதமாகவே வைத்திருக்கிறது. நியூசிலாந்து அதை 1993 இலேயே செய்தது. அவுஸ்திரேலியாவில் 2011 முதல் நடைமுறையிலுள்ள பாவனையாளர் சட்டத்திலும் அவ்வாறே உண்டு. உதிரிப்பாகம் தரமுடியாதென்றால் விற்குமுன்பே வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடவேண்டும். விற்றபின் கைவிரிக்க முடியாது. கோலாலம்பூரில் கடமையாக இருப்பது கேகாலையில் மட்டும் தயவாக இருப்பதேன்?

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்கருகே தொழிற்சாலை வைத்து மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு, 2024 ஒக்டோபரில் இந்தியாவின் மத்திய பாவனையாளர் பாதுகாப்பு அதிகார சபை காரணம் கேட்டு அறிவித்தல் அனுப்பியது. 2023 செப்டெம்பர் முதல் 2024 ஓகஸ்ட் வரை அரசின் உதவித் தொலைபேசிக்கு வந்த முறைப்பாடுகள் 10,644. அவற்றுள் சேவைத் தாமதம் பற்றியவை 3,389. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பின்னர் பதிலளித்தது. அப்பதிலை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். பதில் சொல்ல வைத்தது எது என்பதே நமக்கு வேண்டிய பாடம். பதிவாகி எண்ணப்பட்ட பத்தாயிரம் முறைப்பாடுகளே அந்நிறுவனத்தைப் பதில் சொல்ல வைத்தன. அதே ஆண்டு கர்நாடகத்தின் கலபுரகியில், மனம் வெதும்பிய ஒருவர் அந்நிறுவனத்தின் காட்சியறைக்கே தீ வைத்தார். கடை எரிந்தது, அவர் கைதானார். தீக்குச்சி செய்யாததைத் தபால் முத்திரை செய்யும் என்பதை நம் வாலிபர்கள் உணரவேண்டும்.

விற்பனை நிலையத்தில் எண்ணெய்க் கையோடு நிற்கும் தொழிலாளி மீது நமக்குக் கோபமில்லை. உதிரிப்பாகம் அனுப்பாத தலைமைக் காரியாலயத்தின் பாவத்துக்கு அவனும் ஏச்சு வாங்குகிறான். நம் குற்றச்சாட்டு, விற்பதை மட்டும் தம் கடமையாகக் கொண்டு திருத்துவதைத் தர்மமாகக் கருதும் முறையின் மீது. அம்முறைக்கு இடம் கொடுத்து மௌனமாக இருக்கும் ஆட்சியின் மீது.

ஆகவே பாராளுமன்றத்தில் நம் வாக்கால் அமர்ந்திருப்போரிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, வாகனம் விற்பவரும் இறக்குமதி செய்பவரும் நியாயமான காலத்துக்கு உதிரிப்பாகமும் திருத்தும் வசதியும் வழங்கவேண்டுமென்று சட்டம் விதிக்கவேண்டும். இரண்டாவது, மூன்று மாதக் கணக்கு, உத்தரவாதம் மீறப்பட்ட நாளிலிருந்து தொடங்கும் என்று 13 ஆம் பிரிவு தெளிவாகத் திருத்தப்படவேண்டும். மூன்றாவது, உத்தரவாதக் காலத்தில் வண்டி குறித்த நாட்களுக்கு மேல் முடங்கினால் மாற்று வண்டி கொடுக்கவேண்டும். இயலாவிட்டால் அக்காலத் தவணையை விற்பனையாளர் ஏற்கவேண்டும். நான்காவது, விற்பனை, லீசிங், உத்தரவாதப் பத்திரங்கள் தமிழிலும் கொடுக்கப்படவேண்டும்.

சட்டம் திருந்தும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே திகதியும் பழுதும் வண்டி இலக்கமும் எழுதிய வேலைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்; இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். “அடுத்த கிழமை” என்றால் எந்தத் திகதி என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிழமை கடந்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னும் அசையாவிட்டால் அதிகார சபைக்கு முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் சட்டம் கேட்பது எழுத்து என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மத்தியஸ்த சபையின் வாசலும் திறந்தே இருக்கிறது.

எழுதத் தெரிந்தவருக்கு இதில் இரட்டைக் கடமை உண்டு. ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே! உங்கள் சொந்த வண்டி திருந்தியதும் வீடு திரும்பிவிடாதீர்கள். எழுதத் தெரியாத அயலவரின் முறைப்பாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயிகள் சங்கங்களும் அவற்றைத் திரட்டி ஒரே கட்டாக அனுப்பட்டும். தனியொருவரின் கடிதத்தைக் குப்பைக் கூடை ஏற்கும். நூறு கடிதங்கள் கொண்ட கட்டை அவ்வளவு எளிதில் ஏற்காது. நம் பணத்தைப் பெற நாள் தவறாதவர்கள், நம் வண்டியைத் தரவும் நாள் தவறக்கூடாது. அந்த நாள் எதுவென்று எழுத்தில் கேட்போம். எழுத்தில் பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.