ஆய்வரங்கின் வாயிலில் நிற்போர்

ஆய்வு மாநாட்டிற்குக் கட்டுரை அனுப்புவோர் நிரப்பவேண்டிய படிவத்திலே, பெயருக்கு அடுத்ததாக 'நிறுவனம்' என்றொரு கூடு காணப்படும். பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் அதனை ஒரு கணத்தில் நிரப்பிவிடுவர். எந்நிறுவனத்தையும் சாராத ஆய்வாளரோ அவ்விடத்திற் சற்றுத் தயங்குகின்றார். அவருடைய பயணச் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் யார் பொறுப்பது என்பது அந்தச் சிறு கூட்டிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். ஊர் ஊராக அண்ணாவிமாரைத் தேடிச் சென்று, அவர்களிடமிருந்த கூத்துக் கொப்பிகளைப் பல்லாண்டுகளாகப் பிரதிசெய்து வந்தவர் அவர். தமிழகத்தில் நடைபெற்ற மாநாடொன்று அவரது ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டது. விமானச்சீட்டு, விசா, பதிவுக் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது, அத்தொகை அவரது பல மாத ஓய்வூதியத்தை விஞ்சியது. உதவி கோரி எழுதிய இடங்களிலிருந்து, நிரந்தரக் கல்விசார் ஊழியருக்கே உதவி உண்டு என்ற விடையே வந்தது. ஆய்வுச் சுருக்கம் மாநாட்டு மலரில் அச்சாயிற்று. அரங்கிலே அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது எழுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை என்று அங்கு சென்று வந்தோர் கூறினர்.

இதனைத் தனியொருவரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கிவிட இயலாது என்பதே எமது துணிபு. ஈழத்துத் தமிழியல் ஆய்வு பல்கலைக்கழகத்திலே பிறந்ததன்று. இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1942ஆம் ஆண்டிலாகும். அதற்கு அரைநூற்றாண்டுக்கு முன்னரே, 1887இல், கலித்தொகையை அச்சேற்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, புதுக்கோட்டையில் நீதிபதியாகக் கடமையாற்றியவர். 1926இல் யாழ்ப்பாணத்தின் பண்டைய வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய முதலியார் செ. இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். யாழ்ப்பாண வைபவத்தை விமர்சித்தெழுதிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ஒரு குருவானவர். பல்கலைக்கழகம் தோன்றிய பின்னருங்கூட, 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலைத் தந்தவர் பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்களே. இன்று எமது விரிவுரைகளிலும் ஆய்வேடுகளிலும் இவர்களை மேற்கோள் காட்டுகின்றோம். அவர்களின் வழிவந்தோரையோ வாயிலில் நிறுத்திவைக்கின்றோம். இஃது என்ன நியாயம்?

தூரமும் நாணயமும் இத்தடையை மேலும் உயர்த்துகின்றன. 1966இல் கோலாலம்பூரிலே தொடங்கி 2019இல் சிக்காகோ வரை நடைபெற்ற பத்து உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுள், நம் நாட்டு ஆய்வாளர் கடவுச்சீட்டின்றிச் செல்லக்கூடியதாயிருந்தது 1974இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒன்று மட்டுமே. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, இரு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினும் பழைய நிலைக்கு அது மீளவில்லை. சம்பளமும் ஆய்வுப்படியும் பெறும் விரிவுரையாளரே இச்சுமையின்கீழ்த் தள்ளாடுவாராயின், இவையேதுமற்றவரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. முதலாவது, தரம் தாழ்ந்துவிடும் என்பது. தரத்தைத் தீர்மானிக்க வேண்டியது கட்டுரையேயன்றி அதனை எழுதியவரின் பதவியன்று. எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் முறை எதற்காக இருக்கின்றது? மைக்கேல் வென்ற்றிஸ் ஒரு கட்டடக்கலைஞர். 'நேர்கோட்டு பி' எனப்படும் தொல்லெழுத்துக்களின் மொழி கிரேக்கமே என 1952இல் வெளிப்படுத்தியவர் அவரே. 1956இல் பிரான்சில் அவ்வெழுத்துக்கள் பற்றிய முதலாவது கருத்தரங்கு கூடியபோது பேராசிரியர்களுடன் அவரும் சரியாசனம் பெற்றார். அதனால் அவ்வாய்வுத்துறை தாழ்ந்துவிடவில்லை, உயர்ந்தது.

இரண்டாவது, இணையவழியாகக் கலந்துகொள்ளலாமே என்பது. கட்டுரையை வாசிக்க அது போதும். ஆயின், இடைவேளையில் தேநீர்க் கோப்பையுடன் நிற்கையிலே, "இதே கூத்தின் இன்னொரு பிரதி எங்கள் ஊரிலும் உண்டு" என ஒருவர் வந்து கூறும் வாய்ப்பு அங்கே இல்லை. ஆய்வு வளர்வதும் ஆய்வாளரின் தனிமை நீங்குவதும் பெரும்பாலும் அத்தகைய சந்திப்புக்களிலேயாகும்.

மூன்றாவது, பணமில்லை என்பது. பொன்னாடைக்கும் பூமாலைக்கும், இலச்சினை பொறித்த பைகளுக்கும், தடித்த மலர்களுக்கும் பணம் கிடைக்கின்றது. விருந்தினரை வரவேற்கும் பதாகைகளுக்கும் கிடைக்கின்றது. கட்டுரை வாசிக்க வருபவருக்குப் பேருந்துக் கட்டணம் கேட்டால் மட்டும் நிதி வற்றிவிடுகின்றது! வேறிடங்களில் வழி காணப்பட்டுள்ளது. அமெரிக்காவில் நிறுவனம் சாரா ஆய்வாளர்கள் 1989இல் தமக்கெனத் தேசிய அமைப்பொன்றை நிறுவி, உறுப்பினர் மாநாடுகளிற் பங்குபற்றச் சிறு நல்கைகள் வழங்கி வருகின்றனர். அந்நாட்டு நவீன மொழிச் சங்கமும் இத்தகையோருக்குப் பயண உதவி அளிக்கின்றது.

எமது கோரிக்கை பெரியதன்று. மாநாடு நடத்தும் ஒவ்வொரு பீடமும் தன் செலவுத்திட்டத்திற் பத்திலொரு பங்கை நிறுவனம் சாராதோரின் பயணத்திற்கென ஒதுக்கட்டும். அவர்களிடம் பதிவுக் கட்டணம் அறவிடாதிருக்கட்டும். உதவித்தொகையைப் பயணத்தின் பின்னன்றி முன்னரே வழங்கட்டும். கையிற் பணமற்றவரிடம், செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டுடன் வருக என்பது மறுப்பின் மரியாதையான வடிவமேயாகும். எமது சங்கமும் தன் ஆண்டு விழாச் செலவைச் சுருக்கி, ஆண்டுக்கு ஒருவரையேனும் மேடையேற்ற முன்வரல் வேண்டும்.

இதனைத் தருமம் என எவரும் கருதற்க. முன்னோரிடம் நாம் பட்ட கடனின் ஒரு தவணையே இது. இதிற் சுயநலமும் உண்டு என்பதை மாணவராகிய நாம் மறத்தலாகாது. கலைப்பீடப் பட்டத்துடன் வெளியேறும் எம்முட் பலர் எழுதுநராகவும் ஆசிரியராகவும் தொழிலற்றோராகவும் வாழப்போகின்றோம். விரிவுரையாளராவோர் ஒரு சிலரே. ஆய்வார்வம் அப்போதும் எம்மிடம் எஞ்சியிருக்குமாயின், அந்த 'நிறுவனம்' என்னும் கூட்டின் முன்னே நாளை தயங்கி நிற்கப்போவோர் நாமேயாவோம்.